சீக்கியர்கள் வெள்ளைக்காரன் பக்கமா?

கேள்வி: 1857-ல் நாடே வெள்ளைக்காரனை எதிர்த்தபோது, சீக்கியர்கள் அவனோடு சேர்ந்து டெல்லியைப் பிடித்துக் கொடுத்தார்கள். இவர்களைத் தியாகிகள் என்று புகழ்வது நியாயமா?
(வாசகர், திருச்சி)

பதில்: டெல்லியில் சீக்கிய வீரர்கள் ஆங்கிலேயருக்காகச் சண்டை போட்டது உண்மை. ஆனால் 'நாடே' என்கிறீர்களே, நம் மதராஸ் படையும் அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி பக்கம்தான் நின்றது. அதை வைத்து நம் முன்னோரைத் துரோகிகள் என்போமா?

எட்டு வருடம் பின்னால் போய்ப் பாருங்கள். பஞ்சாபை ஆண்ட சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங் இருந்தவரை சட்லஜ் நதியைத் தாண்டக் கம்பெனி துணியவில்லை. 1839-ல் அவர் கண்ணை மூடியதும் லாகூர் தர்பாரில் கொலைக்கு மேல் கொலை. இரண்டு போர்கள் நடந்தன. 1849 மார்ச் 29-ல் பஞ்சாப் பறிபோனது. அவர் மகன், பத்து வயது அரசன் துலீப் சிங்கிடம் கையெழுத்து வாங்கி, கோஹினூர் வைரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். தாய் ஜிந்தன் கௌரை அதற்கு முன்பே அவனிடமிருந்து பிரித்துவிட்டார்கள். சரி, அந்தப் போர்களில் கம்பெனிக்காக வந்து பஞ்சாபைப் பிடித்தவர்கள் யார்? வெள்ளைக்காரச் சிப்பாய்களோடு, அவத், பீகார் பக்கத்திலிருந்து வங்காளப் படையில் சேர்ந்திருந்த நம்மவர்கள். 1857-ல் கிளர்ந்தெழுந்ததும் அதே படைதான். ஆறாத புண்ணோடு இருந்த சீக்கியர்கள் அந்தப் படைக்குத் தோள் கொடுப்பார்கள் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

அதற்கு அப்புறம் நடந்ததையும் பாருங்கள். 1872-ல் மலேர்கோட்லாவில் கூக்கா (நாம்தாரி) என்ற பிரிவைச் சேர்ந்த சீக்கியர்களை விசாரணைகூட இல்லாமல் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

1922-ல் அமிர்தசரஸுக்குப் பக்கத்தில் குரு கா பாக் குருத்வாரா. அதன் நிலத்துக்கு மஹந்த் என்ற பரம்பரை நிர்வாகி உரிமை கொண்டாடினார். லங்கர் என்ற இலவசச் சமையல்கூடத்தின் அடுப்புக்காகக் குருத்வாரா நிலத்தில் கருவேல மரம் வெட்டியதைத் திருட்டு என்று போலீஸ் கைது செய்தது. 'கை ஓங்க மாட்டோம்' என்று பொற்கோயில் வளாகத்து அகால் தக்தில் சத்தியம் செய்துவிட்டு, தினமும் ஒரு ஜத்தா (தொண்டர் குழு) கிளம்பியது. கறுப்புத் தலைப்பாகை, அதில் வெள்ளைப் பூச்சரம். போலீஸ் பூண் போட்ட தடியால் அடிக்கும். விழுந்தவர் எழுந்து, மறுபடி அதே இடத்தில் வந்து நிற்பார். திருப்பி அடிக்க ஒரு கை எழவில்லை. அவர்களில் பலர் உலகப் போரில் அதே சர்க்காருக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்த முன்னாள் சிப்பாய்கள். பாதிரியார் சி.எஃப். ஆண்ட்ரூஸ் இதை நேரில் பார்த்துப் பதறி எழுதினார். இவர்களைத் தியாகிகள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. குருத்வாராக்களைச் சீக்கியர்களிடமே ஒப்படைக்கும் சட்டத்தை 1925-ல் சர்க்கார் கொண்டுவர வேண்டியதாயிற்று.