வன்னியில் இராணுவ ஏலத்தில் வந்த பழைய லொறி வாங்கினால் கட்டுப்படியாகுமா?

ஏலத்தில் போன ஃபோர் வீல் ட்ரைவ் (நாலு சில்லும் இழுக்கிற) லொறி ஒன்றை நெல் ஏற்ற வாங்கலாமா, வைத்துப் பராமரிக்க ஏலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மல்லாவிப் பக்கம் நாங்கள் அப்படி ஒன்றை வைத்திருக்கிறோம். காசைத் தின்பது எஞ்சின் இல்லை, முன் அச்சும் அதுக்கு இழுவை கொடுக்கிற ட்ரான்ஸ்பர் பெட்டியும்தான்.

எஞ்சினுக்கு ஆள் இருக்கு. எங்களுடையது டாட்டா 697. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீற்றர் விட்டம், மொத்தம் 5675 சிசி. வவுனியாவில் பழைய டாட்டா லொறிகளைப் பிரித்துப் பழகிய எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவார். லேலண்ட் ஸ்டாலியன் கிடைத்தாலும் பரவாயில்லை, ஹினோ வழி எஞ்சின், பஸ் வேலை செய்கிறவர்களுக்குப் பழக்கம். பென்ஸ் கம்பெனியின் யூனிமொக் லொறியை மட்டும் ஆசைக்கு வாங்காதீர்கள். ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் தனிப் பல்சக்கரம் வைத்து அச்சை உயர்த்தியிருப்பார்கள், வெள்ளத்தில் ராசா மாதிரிப் போகும், உடைந்தால் சாமான் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தை வரைக்கும் அலைய வேணும்.

சரி, அச்சுக்கு வருவோம். மாரியில் பாலியாற்றுப் பக்கம் தண்ணீர் பாதைக்கு மேலால் பாயும். ஓடிச் சூடேறிய அச்சு அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும்; அச்சுக்கு மேலே இருக்கும் சின்ன மூச்சுக் குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால், அச்சு காற்றுக்குப் பதிலாகச் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, அடுத்தநாள் காலை வண்டியை அசைக்க முதல் அச்சின் அடி ஒயில் நட்டை மெல்லத் தளர்த்துவது. இரவு முழுக்கத் தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும், அதனால் முதலில் சொட்டுவது ஒயிலா தண்ணீரா என்று கையிலேயே தெரியும். ஓடிவிட்டுத் திறந்தால் இரண்டும் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். எப்படி வந்தாலும் முழு ஒயிலையும் மாற்றுங்கள், பார்த்து மிச்சம் பிடிக்க வேண்டாம், பெயாரிங் விலை அதைவிடக் கூட.

ஏ9 இல் முன் இழுவையைப் போட்டபடி ஓடாதீர்கள். வளைவில் முன் சில்லு பின் சில்லைவிடக் கூடுதலான தூரம் உருளும், சேற்றில் என்றால் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் அதுக்கு இடமில்லை, நடுவில் டிபரன்சல் (முன்னையும் பின்னையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரம்) இல்லாத பெட்டி என்றால் முறுக்கு முழுக்கப் பல்லில்தான் ஏறும். முருங்கன் பக்கக் களியில் புதைந்தால் போடுங்கள், ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

மின்சாரம் 24 வோல்ட், இரண்டு பற்றரி தொடராக. பாட்டுப் பெட்டிக்கு ஒரு பற்றரியில் மட்டும் வயர் எடுத்துவிடுவார்கள் எங்கள் பொடியள். ஒன்று குறைய மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறி இரண்டும் போகும். ரயரில் பூ நல்லாயிருக்கு என்று ஏமாறாதீர்கள், முகாமில் நின்ற வண்டிக்குப் பூ தேயாது, பக்கச்சுவர்தான் வெடிப்பு விடும். பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் ரயர் செய்த வாரம், பின் இரண்டும் வருடம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000 க்கு முந்திய ரயர். ரயரைப் பிடிக்கும் இரும்பு வளையம் தனியாகப் போட்ட ரிம் என்றால், வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுக்கப் போனபிறகே கை வையுங்கள். பறக்கிற வளையம் ஆளைக் கொல்லும்.

ஏலத்துக்குப் போகமுதல் நிபந்தனைத் தாளை வாசியுங்கள்: பதிவு எடுக்கக்கூடிய வாகனமாக விற்கிறார்களா, பழைய இரும்பாகவா? இரும்பு என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வாருங்கள். பதிவு கிடைத்தாலும் வருசா வருசம் புகைச் சோதனை, காப்புறுதி, வரிப்பத்திரம் எல்லாம் இருக்கு. வாங்கியதும் முதல் வேலையாக நிறத்தை மாற்றுங்கள். அந்தப் பச்சையோடு ஊருக்குள் கொண்டுவந்தால் வயதானவர்கள் படலையடியில் எப்படி நிற்பார்கள் என்று வன்னியாருக்குச் சொல்லத் தேவையில்லை.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல் திறக்கும் வரைக்கும் பழைய வண்டி எல்லாம் விலை ஏறியிருந்தது, இராணுவ லொறியும் மலிவாக இருக்கவில்லை. காலபோக அறுவடைக்கு மட்டும்தான் தேவை என்றால் உழவு மெசினும் பெட்டியும் போதும். கோடையில் தண்ணீர் பவுசர், மாரியில் நெல், இடையில் கல், மண் என்று வருசம் முழுக்க வேலை கொடுக்க முடிந்தால் மட்டும் ஏலத்துக்குப் போங்கள், போகும்போது மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள்.