வாசகர் கேள்வி – பதில்: கனரக வாகனங்களையும் இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் தொழில்

லாரி, டிப்பர், எக்ஸ்கவேட்டர், புல்டோசர், கிரேன் முதலியவற்றைப் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்பது குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருப்பதால், இந்த இதழில் அக்கேள்விகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன். கனரக வாகன மெக்கானிக் ஆக விரும்புகிறேன். பயிற்சி நிலையத்தில் சேர்ந்து சான்றிதழ் பெறுவது நல்லதா, பணிமனையில் உதவியாளாகச் சேர்ந்து வேலையோடு வேலையாகக் கற்பது நல்லதா?

பதில்: இரண்டும் வேண்டும். பணிமனையில் மட்டுமே வளர்ந்தவர் கைவேலையில் தேர்ந்திருப்பார். ஆனால் முன்பு பார்த்திராத ஒரு பழுது வந்து நிற்கும்போது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திகைப்பார். வகுப்பறையில் மட்டுமே படித்தவர் மின்சுற்று வரைபடத்தைத் தடையின்றிப் படிப்பார். துருவேறிய போல்ட்டை முறிக்காமல் கழற்ற அவருக்குக் கை வராது. பல நாடுகளில் இத்தொழிலுக்கான பழகுநர் பயிற்சி 3 முதல் 4 ஆண்டுகள் வரை நீள்வதும், அதில் பெரும்பகுதி பணிமனையிலும் மீதி வகுப்பறையிலுமாக அமைவதும் இந்தக் காரணத்தால்தான். அப்படியொரு வாய்ப்புக் கிடைத்தால் தயங்காமல் சேர்ந்துவிடுங்கள்.

பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்குமுன் அதன் பயிற்சிக்கூடத்தை ஒருமுறை உள்ளே சென்று பாருங்கள். பாதியாக வெட்டி, வண்ணம் பூசி, மேடைமேல் ஏற்றி வைத்த எஞ்சின் மட்டும் இருந்தால், அதைக் கொண்டு பாகங்களின் பெயரைத்தான் கற்க முடியும். ஓடும் நிலையிலுள்ள லாரியோ இயந்திரமோ அங்கே இருக்கிறதா, ஆசிரியர் அதில் வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்கிவிட்டு மாணவரைக் கண்டுபிடிக்கச் சொல்கிறாரா, தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவல் மாணவர் எடுத்துப் படிக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். ஓர் இயந்திரத்தைக் கழற்றி மாட்ட எவரும் பழகிக்கொள்ளலாம்; எதைக் கழற்ற வேண்டும் என்று முடிவு செய்வதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

பள்ளியில் கற்ற கணக்கையும் இயற்பியலையும் மறந்துவிடாதீர்கள். எக்ஸ்கவேட்டரின் ஹைட்ராலிக் அமைப்பு, அதாவது எண்ணெயின் அழுத்தத்தால் உறுப்புகளை அசைக்கும் அமைப்பு, 350 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அளவிலான அழுத்தத்தில் இயங்குகிறது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டனின்மீது அந்த அழுத்தம் செயல்பட்டால் எவ்வளவு விசை கிடைக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 28 டன் எடைக்குச் சமமான விசை வரும். பூம் என்ற தூக்கும் கை மெதுவாகத்தான் தூக்குகிறது என்ற புகார் வந்தால் அழுத்தம் குறைந்ததா, எண்ணெயின் ஓட்ட அளவு குறைந்ததா என்ற கேள்வி எழும். விசைக்குக் காரணம் அழுத்தம், வேகத்துக்குக் காரணம் ஓட்டம் என்ற தெளிவு இருப்பவர், சுமையைத் தூக்கும் வலிமை குன்றாமல் வேகம் மட்டும் குறைந்திருப்பதைக் கண்டதும், அழுத்தத்தின் உச்சவரம்பைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வைத் தொடுவதற்குமுன் எண்ணெய் ஓட்டத்தை அளக்கச் செல்வார்.

கேள்வி: சில ஆண்டுகளாகக் கார் மெக்கானிக்காக வேலை செய்கிறேன். லாரிக்கும் கட்டுமான இயந்திரங்களுக்கும் மாற விரும்புகிறேன். முதலிலிருந்து கற்க வேண்டியிருக்குமா?

பதில்: எஞ்சின் பற்றிய அறிவு அப்படியே கைகொடுக்கும். புதிதாகக் கற்க வேண்டியவை மூன்று: காற்று பிரேக், ஹைட்ராலிக், 24 வோல்ட் மின்னமைப்பு.

காற்று பிரேக்கில் காரிலிருந்து பெயர்ந்து வருபவரைக் குழப்புவது, காற்று போனால் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்பது. ஓடும் வண்டியில் மிதியை அழுத்தினால் காற்றழுத்தம் பிரேக்கைப் பிடிக்கிறது. நிறுத்திவைக்கும் பிரேக்கிலோ வலுவான ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்க, காற்றுதான் அதை விடுவிக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ளாதவர், டாங்கியில் காற்று ஏறாத லாரி நகர மறுப்பதைக் கண்டு கியர்பாக்ஸைச் சந்தேகிப்பார். ஹைட்ராலிக்கில் பழக வேண்டிய முதல் ஒழுக்கம் தூய்மை. எண்ணெயிலுள்ள துகள்களைக் கணக்கிடும் ஐ.எஸ்.ஓ. 4406 என்ற தர அளவுகோல் 4, 6, 14 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவுகளைக் கடந்த துகள்களை எண்ணுகிறது. இந்த அளவிலான துகள்கள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, பார்வைக்குத் துப்புரவாக இருக்கிறது என்பதால் ஒரு குழாயை மூடிபோடாமல் தரையில் வைத்துவிட்டுப் போவது, அடுத்த சில மாதங்களில் ஒரு பம்ப்பைப் பலிகொடுக்கும் வழக்கமாகும். காரில் சிறு அலட்சியமாகக் கடந்துபோகும் பல செயல்கள் இங்கே பெரும் செலவில் முடிவதுண்டு.

24 வோல்ட் அமைப்பு, இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்தது. அதில் அச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: என் மகன் இப்பயிற்சியில் சேர ஆசைப்படுகிறான். இது உயிருக்கு ஆபத்தான வேலை என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: ஆபத்து இருக்கிறது, அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்வது முறையாகாது. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருப்பதாலும், ஒவ்வொன்றுக்கும் வகுக்கப்பட்ட வழிமுறை இருப்பதாலும், அந்த வழிமுறையை முதல் நாளிலிருந்து கற்றுக்கொடுக்கும் இடத்தில் சேர்ப்பதுதான் பெற்றோராக நீங்கள் செய்யக்கூடியது.

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டால் இயந்திரம் அடங்கிவிட்டது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உயர்த்தி வைத்த பக்கெட்டிலும் டிப்பர் பெட்டியிலும் எடை தொங்கிக்கொண்டிருக்கிறது. அக்குமுலேட்டர் என்ற கலத்தில் நைட்ரஜன் வாயுவின் அழுத்தம் எண்ணெயை நெருக்கிக்கொண்டிருக்கிறது. பிரேக் சேம்பருக்குள் ஸ்பிரிங் சுருண்டு அடங்கிக் கிடக்கிறது. எண்ணெய்க் குழாயை அவிழ்க்குமுன் பெட்டிக்கு முட்டுக் கொடுப்பதும், அழுத்தத்தை வெளியேற்றுவதும், பிரேக் சேம்பரை, உள்ளேயுள்ள ஸ்பிரிங் விரியாதபடி அதற்குரிய போல்ட்டைக் கொண்டு பூட்டிய பிறகே கழற்றுவதும் விருப்பத்திற்கு விடப்பட்டவை அல்ல. வெறும் ஜாக்கின் மீது நிற்கும் வண்டிக்கு அடியில் எவரும் படுக்கக் கூடாது. ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டும், தாங்கி நிறுத்துவதற்கு ஸ்டாண்டு இருக்கிறது. ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது மற்றொருவர் தெரியாமல் எஞ்சினை இயக்கிவிடாதபடி, பேட்டரி இணைப்பைத் துண்டித்துப் பூட்டிட்டு, பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிடுவதையும் நல்ல பணிமனைகள் கட்டாயமாக வைத்திருக்கின்றன.

உங்கள் மகனுக்கு நீங்களே சொல்லி அனுப்ப வேண்டிய ஒன்று உண்டு. ஹைட்ராலிக் குழாயிலோ டீசல் குழாயிலோ ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து கசிந்தால், அதைக் கையால் தடவித் தேடக் கூடாது. ஓர் அட்டைத் துண்டையோ மரத்துண்டையோ நீட்டிப் பார்க்க வேண்டும். உயர் அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். அப்போது சிறு ஊசி குத்தியதுபோல் மட்டுமே தெரியும், வலியும் உடனே பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே புகுந்த எண்ணெய் சதையை அழிக்கத் தொடங்குவதால், சில மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் சென்று, உயர் அழுத்த எண்ணெய் உள்ளே புகுந்தது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

டீசல் புகையையும் அலட்சியப்படுத்தக் கூடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. மூடிய கூடத்தில் புகைபோக்கிக்குக் குழாய் மாட்டி வெளியேற்றாமல் எஞ்சினை ஓடவிடும் பணிமனையில் மகனைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: இப்போதெல்லாம் வண்டியின் கணினியிலுள்ள பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் பழுது என்னவென்று அதுவே சொல்லிவிடுகிறதாமே! இனிமேல் எஞ்சினைப் பற்றி இவ்வளவு படிக்க வேண்டியது அவசியமா?

பதில்: ஸ்கேனர் பழுதைச் சொல்வதில்லை, கட்டுப்பாட்டுக் கணினி எதைக் கண்டு குறைபட்டது என்பதை மட்டும் சொல்கிறது. லாரிகளிலும் கனரக இயந்திரங்களிலும் பரவலாகப் பின்பற்றப்படும் ஜே1939 என்ற தகவல்தொடர்பு முறையில், ஒவ்வொரு குறியீடும் எந்த அளவீடு, அது எவ்வகையில் பிறழ்ந்தது என்ற இரு பகுதிகளைக் கொண்டது. காரணம் அதில் இருக்காது.

மேட்டில் ஏறும்போது இழுவை குறைகிறது என்று ஒரு லாரி வருவதாகக் கொள்வோம். எரிபொருள் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிர்ந்தளிக்கும் உயர் அழுத்தக் குழாயில், அழுத்தம் குறைவு என்று ஸ்கேனர் காட்டுகிறது. உயர் அழுத்த பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டி, விலையுயர்ந்த புதிய பம்ப்பை மாட்டுகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு வண்டி அதே பழுதோடு திரும்பி வந்துவிடும். அடைபட்ட டீசல் ஃபில்டர், உறிஞ்சும் குழாயின் இணைப்பில் புகும் காற்று, தளர்ந்த ஊட்டு பம்ப், கசியும் அழுத்த வால்வு, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சாமல் அளவுக்குமீறித் திருப்பியனுப்பும் இன்ஜெக்டர், பொய் சொல்லும் சென்சார் ஆகிய எதுவும் அதே குறியீட்டைக் கொண்டுவரும். தேர்ந்தவர் எளியதிலிருந்து தொடங்குவார். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளப்பார். உறிஞ்சும் பாதையில் ஒளிபுகும் குழாய்த்துண்டைப் பொருத்திக் குமிழிகள் வருகின்றனவா என்று பார்ப்பார். ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனிக் குப்பிகளில் பிடித்து ஒப்பிடுவார். இவ்வளவுக்கும் பிறகு எஞ்சி நிற்பதுதான் பம்ப். கடைகளில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு, அதற்கான விலையை வண்டியின் உரிமையாளர் கொடுக்கிறார்.

ஸ்கேனர் பேசவே மறுக்கும் நேரமும் வரும். ஜே1939 கம்பியிணையின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடைகள் இருக்கின்றன. பேட்டரியைத் துண்டித்துவிட்டு அந்த இரு கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது, சுழியத்தை ஒட்டிக் காட்டினால் கம்பிகள் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன. எளிய மீட்டரைக் கொண்டு இரண்டு நிமிடத்தில் செய்யும் இந்தச் சோதனையைச் செய்யாததால் புதிய கட்டுப்பாட்டுக் கணினிகளே வாங்கி மாட்டப்பட்டிருக்கின்றன.

மேலும், ருடால்ஃப் டீசல் 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை இன்றும் மாறவில்லை. தீப்பொறி இல்லை, காற்றை நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எரிபொருளைப் பற்றவைக்கிறோம். நெருக்கம் குறைந்துபோன சிலிண்டரை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

கேள்வி: பெண்கள் இந்தத் தொழிலைக் கற்கலாமா? எடை தூக்க வேண்டியிருக்குமே என்று வீட்டில் மறுக்கிறார்கள்.

பதில்: தாராளமாகக் கற்கலாம். கியர்பாக்ஸையோ எஞ்சினையோ ஆணாலும் கையால் தூக்க முடியாது. அதற்கு ஹாய்ஸ்ட்டும் கிரேனும் இருக்கின்றன. கையால் தூக்கித்தான் ஆக வேண்டும் என்ற பணிமனை அங்கே வேலை செய்யும் ஆண்களின் முதுகையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது. சேருமுன் உடை மாற்றும் அறை, கழிப்பறை, இரவு அவசர அழைப்புகளுக்குச் செல்லும் ஏற்பாடு ஆகியவற்றை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மின்சார லாரிகள் வந்துவிட்டால் டீசல் படித்தவர்களின் நிலை என்னவாகும்?

பதில்: இன்று ஓடும் டீசல் இயந்திரங்களின் ஆயுள் நீண்டது, ஆகவே உடனடிக் கவலை வேண்டாம். மின்சார லாரிக்கும் பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், குளிர்விக்கும் அமைப்பு எல்லாம் உண்டு. ஆனால் 400 முதல் 800 வோல்ட் வரையுள்ள நேர்மின்னோட்டம் அதில் பாய்வதால், உயர் மின்னழுத்தம் செல்லும் ஆரஞ்சு நிறக் கம்பியைத் தொடுவதற்கு உயர் மின்னழுத்தத்திற்கான தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இணைப்பைத் துண்டித்து, உள்ளேயுள்ள கெபாசிட்டர்களில் தங்கிய மின்னூட்டம் வடியும்வரை காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்பதை மீட்டரால் அளந்து உறுதிசெய்த பிறகே வேலை தொடங்கும். மின்சுற்றுப் பாடத்தை அக்கறையோடு படிக்கும் டீசல் மாணவருக்கு இந்த மாற்றம் சுமையாக இராது.

கேள்வி: பயிற்சி தொடங்கும்போது எந்தக் கருவிகளை வாங்குவது?

பதில்: முழுப் பெட்டியையும் கடனில் வாங்காதீர்கள். தரமான ஸ்பேனர் தொகுதி, சாக்கெட் தொகுதி, நல்ல மல்டிமீட்டர், கைவிளக்கு, பாதுகாப்புக் கண்ணாடி, இரும்புமுனைக் காலணி ஆகியவை முதல் ஆண்டுக்குப் போதும். ஸ்கேனர், பெரிய இம்பாக்ட் ரென்ச், புல்லர் போன்றவற்றைப் பணிமனை தர வேண்டும். நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சும் அவர்களுடையதாகவே இருக்கலாம். ஆனால் அதை எப்போது அளவு சரிபார்த்தார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். லாரிச் சக்கரத்தின் நட்டு ஒவ்வொன்றும் 600 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கப்பட வேண்டியதாக இருக்கும்போது, இம்பாக்ட் ரென்ச்சால் காதுக்கு இனிக்கும்வரை முடுக்கிவிட்டு அனுப்புவது, நட்டு ஏறும் திருகாணியான ஸ்டட்டை நீட்டிவிடும் அல்லது நட்டைத் தளர்வாக விட்டுவிடும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய வண்டி சில பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடியும் டார்க் ரென்ச்சால் சரிபார்க்க வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.