சீட்டரங்கம்: எதிரில் இருப்பவரிடமும் அதே டெக்

கேள்வி: மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டு விளையாட்டு ஆடுகிறேன். வேறு எந்த டெக் (ஆடுபவர் கொண்டுவரும் சீட்டுக்கட்டு) எதிரில் வந்தாலும் சமாளித்துவிடுகிறேன். நான் ஆடும் அதே டெக் எதிரில் வந்தால் மட்டும் தோல்விதான். இரண்டு பக்கமும் அதே 60 சீட்டு என்றால், டாஸ் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போவதும் ஒன்றுதானே?
(கல்லூரி மாணவர், கோவை)

பதில்: ஒன்றில்லை தம்பி. மிரரில், அதாவது ஒரே டெக் இரண்டு மோதும் ஆட்டத்தில், யாருக்கு எந்தச் சீட்டு வரும் என்பது அதிர்ஷ்டம். வந்ததை வைத்து இந்த நிமிடம் நான் அடிப்பவனா, தடுப்பவனா என்று முடிவெடுப்பது அதிர்ஷ்டமில்லை. 1999இல் மைக்கேல் ஃப்ளோரஸ் எழுதிய ஒரு கட்டுரையை மேஜிக் ஆடுகிறவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே மாதிரி இரண்டு டெக் மோதும்போது ஒருவர் அடிக்க வேண்டும், மற்றவர் தாக்குப்பிடிக்க வேண்டும். தன் வேலை எதுவென்று தவறாக நினைத்தவர் தோற்பார் என்று எழுதினார்.

இதற்கு என் செல்ல உதாரணம் 2011இன் கா-பிளேடு. வெள்ளை நிறச் சீட்டும் நீல நிறச் சீட்டும் கலந்த டெக். அந்தப் பிப்ரவரியில் பாரிஸில் நடந்த புரோ டூர் போட்டியை பென் ஸ்டார்க் இதை வைத்துத்தான் வென்றார். அப்புறம் எந்த மேசையைப் பார்த்தாலும் கா-பிளேடும் கா-பிளேடும். மிரர் படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. கடைசியில் அதன் முக்கியச் சீட்டுகளான ‘ஜேஸ், த மைண்ட் ஸ்கல்ப்டர்’, ‘ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்’ இரண்டையும் 2011 ஜூலை 1 முதல் ஸ்டாண்டர்டில் (புதிய சீட்டுகளை மட்டும் அனுமதிக்கும் ஆட்டவகை) தடைசெய்தார்கள்.

ஒரு ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். முதலில் ஆடுவது நீங்கள். இரண்டாம் டர்னில் ஸ்டோன்ஃபோர்ஜ் என்ற கிரியேச்சரை (சண்டை போடும் சீட்டு) இறக்குகிறீர்கள். எதிரியிடம் அப்போது ஒரே லேண்ட் (மற்றச் சீட்டுகளைப் போடத் தேவையான மனாவைத் தரும் சீட்டு); உங்கள் சீட்டைத் தடுக்கும் இரண்டு மனாச் சீட்டான மனா லீக் கையில் இருந்தாலும் போட முடியாது. ஸ்டோன்ஃபோர்ஜ் டெக்கிலிருந்து ஒரு வாளைத் தேடி எடுத்துத் தருகிறது: சோர்ட் ஆஃப் ஃபீஸ்ட் அண்ட் ஃபாமின். மூன்றாம் டர்னில் ஒன்றும் அவசரப்படாமல் டர்னைக் கொடுத்துவிடுகிறீர்கள். எதிரியின் டர்ன் முடியும் நேரத்தில், இரண்டு மனா செலவழித்து ஸ்டோன்ஃபோர்ஜின் திறனால் வாளை மேசைக்குக் கொண்டுவருகிறீர்கள். அது ஸ்பெல் (கையிலிருந்து மனா கட்டிப் போடும் சீட்டு) இல்லை, திறன். மனா லீக்குக்கு அங்கே வேலை இல்லை.

நான்காம் டர்ன். நான்கு லேண்ட். இரண்டை ஸ்குவாட்ரன் ஹாக்குக்குச் செலவழித்தால், அந்தப் பருந்து இன்னும் மூன்று பருந்துகளைக் கைக்குக் கூட்டிவரும். மீதி இரண்டில் ஸ்டோன்ஃபோர்ஜின் கையில் வாளைக் கொடுத்து அடிக்கிறீர்கள். அடி பட்டால் எதிரி ஒரு சீட்டை எறிய வேண்டும். உங்கள் லேண்ட் நான்கும் மறுபடி நிமிர்ந்துவிடும். அதே டர்னில் அதே நான்கு மனாவுக்கு ஜேஸ் (டர்னுக்கு டர்ன் உதவும் துணைவர்; எதிரி அவரையும் தாக்கலாம்) இறங்குகிறார். அதாவது ஒரே டர்னில் எட்டு மனா. எதிரியிடம் மூன்றே லேண்ட். இரண்டு பேர் டெக்கும் ஒன்றுதான், பாருங்கள்!

இப்போது எதிரியின் இடத்தில் உட்காருங்கள். பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். ‘என்னிடமும் ஜேஸ் இருக்கிறது, என் டெக்கும் நிதானமான டெக்தானே’ என்று பொறுமையாக லேண்ட் வைத்துக்கொண்டிருப்பார்கள். மேசையில் ஜேஸ் யாருடையதோ அவருக்குத்தான் பொறுமை கட்டுப்படியாகும். நாள் போகப்போக அவர் கைதான் நல்லதாகும். ஜேஸ் இல்லாதவர் தன்னிடமுள்ள பருந்துகளை எதிரியின் லைஃபை விட்டுவிட்டு ஜேஸ் மேலேயே ஏவ வேண்டும். அதுவரை தடுப்பவராக இருந்தவர் அந்த டர்னிலிருந்து அடிப்பவர். ஜேஸ் செத்தால் மறுபடி மாறிக்கொள்ளலாம்.

இன்னொன்று, கவுண்டர் (எதிரி போடும் சீட்டைத் தடுக்கும் சீட்டு) சண்டை. எதிரி போடுவதையெல்லாம் தடுக்கப் பார்க்காதீர்கள். மனா லீக் என்பது எதிரி மூன்று மனா கட்டினால் செல்லாமல் போகும் சீட்டு. எதிரியிடம் ஏழு லேண்ட் வந்துவிட்டால் ஜேஸுக்கு நான்கு, லீக்குக்கு மூன்று என்று கட்டிவிட்டுச் சிரிப்பார். ஆரம்பத்தில் தங்கம், பின்னால் வெறும் காகிதம். அதனால் மிரரில் ஒரு டர்ன் கூட லேண்ட் வைக்காமல் விடாதீர்கள். பார்ப்பதற்குச் சலிப்பான விஷயம், ஆனால் பாதி மிரர் இதில்தான் முடிகிறது.

உங்கள் டெக் எதுவென்று எழுதவில்லை. எதுவானாலும், மேசையில் நின்றுவிட்டால் ஆட்டத்தையே இழுத்துக்கொண்டு போகும் சீட்டு எது என்று கண்டுபிடியுங்கள். உங்கள் கவுண்டரும் கொல்லும் சீட்டும் அதற்காகக் காத்திருக்கட்டும். மற்றதெல்லாம் போனால் போகட்டும்.

கேள்வி: மிரருக்கு சைட்போர்டிலிருந்து (கேம்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் உபரிச் சீட்டுகள்) எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது? நான் சேர்ப்பது எல்லாம் எதிரியும் சேர்ப்பாரே?
(வாசகர், பெட்டாலிங் ஜெயா)

பதில்: சேர்க்கட்டும். முதலில் எடுப்பதைப் பாருங்கள். 15 சீட்டில் எதை உள்ளே கொண்டுவரலாம் என்றே எல்லோரும் யோசிக்கிறார்கள்; மெயின் டெக்கில் இந்த எதிரிக்கு உதவாமல் தூங்கும் நான்கு சீட்டை எடுப்பதுதான் பெரிய லாபம். வேகமான டெக்குகளுக்காக வைத்தது, கூட்டமாக வரும் சின்ன கிரியேச்சர்களுக்காக வைத்தது, இவையெல்லாம் மிரரில் பெரும்பாலும் கையில் கிடந்து அழுகும்.

சேர்ப்பதில் விலை குறைந்தது ஜெயிக்கும். மறுபடி கா-பிளேடு காலத்துக்கே வருகிறேன். அன்றைய விதிப்படி இரண்டு பக்கமும் ஜேஸ் இருந்தால் இரண்டும் செத்துப்போகும். எனவே நான்கு மனா ஜேஸை ஒழிக்க அதே ஜேஸின் இன்னொரு சீட்டான மூன்று மனா ஜேஸ் பெலரனை வைத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் அதைச் சீட்டு எடுக்க வைத்ததாகச் சொல்வார்கள். நிஜத்தில் கொலைகாரனாகத்தான் கூட்டி வந்தார்கள். 2013இல் விதி மாறியது, இன்று அவரவர் ஜேஸ் அவரவருக்கு. வாளுக்கு டிவைன் ஆஃபரிங்: இரண்டு மனாவில் வாளும் போகும், கொஞ்சம் லைஃபும் ஏறும்.

கறுப்பைக் கலந்து டூம் பிளேடு மாதிரி கொல்லும் சீட்டுகளைச் சேர்த்தவர்களும் உண்டு. அந்த வாள் கறுப்பிலிருந்தும் பச்சையிலிருந்தும் பாதுகாப்புத் தரும். வாள் ஏந்திய பருந்தைக் கறுப்புச் சீட்டால் குறிவைக்கவே முடியாது. வாளைக் கொடுப்பதற்கு முன்னால் கொல்ல வேண்டும். சைட்போர்டு எழுதும்போது இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் போக்கிமான் சீட்டு ஆடுகிறாள். தோழியிடமும் அதே டெக். முதலில் ஆடுவது நல்லதா, இரண்டாவதா?
(ஒரு அம்மா, டொராண்டோ)

பதில்: முதலில் ஆடுகிறவர் தன் முதல் டர்னில் தாக்க முடியாது, சப்போர்ட்டர் சீட்டும் (டர்னுக்கு ஒன்றே போடக்கூடிய உதவிச் சீட்டு) போட முடியாது. ஆனால் போக்கிமான் எவால்வ் ஆகும் (அடுத்த கட்டத்துக்கு வளரும்) வாய்ப்பு அவருக்குத்தான் முதலில் வரும். இரண்டு கட்டமாக வளரும் டெக் என்றால் முதலில் ஆடச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் பரிசுச் சீட்டுக் கணக்கு. ஆளுக்கு ஆறு; எதிரியின் போக்கிமான்களை வீழ்த்தித் தன் ஆறையும் முதலில் எடுப்பவர் ஜெயிப்பார். ‘எக்ஸ்’ என்ற பலமான வகைப் போக்கிமான் விழுந்தால் பொதுவாக எதிரிக்கு இரண்டு, சாதாரணம் விழுந்தால் ஒன்று. எக்ஸாகவே இறக்கினால் தோழி மூன்று அடியில் முடித்துவிடுவாள். நடுவில் ஒரு சாதாரணப் போக்கிமானை முன்னால் நிறுத்தினால் 2, 2, 1 என்று ஐந்துதான் ஆகும். அவளுக்கு நான்காவது அடி தேவைப்படும். மிரரில் அந்த ஒரு அடி போதும். தோழி கெட்டிக்காரி என்றால் அந்தச் சாதாரணத்தை அடிக்காமல், பாஸஸ் ஆர்டர்ஸ் என்ற சீட்டைப் போட்டு பெஞ்சில் (பின்வரிசையில்) இருக்கும் எக்ஸை முன்னால் இழுப்பாள். ஆகவே தேவையில்லாத எக்ஸை பெஞ்சில் உட்கார வைக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மேஜிக் மிரர் இழுத்துக்கொண்டே போய் நேரம் முடிந்துவிடுகிறது. எதிரியும் நானும் பேசி பகடை உருட்டி வெற்றியைத் தீர்மானித்துக்கொள்ளலாமா?
(வாசகர், சென்னை)

பதில்: கூடவே கூடாது, விதிமீறல். பரிசில் பங்கு தருகிறேன், விட்டுக்கொடு என்பதும் அப்படித்தான். பேசி டிரா செய்துகொள்ளலாம், அதற்கு அனுமதி உண்டு. ஒரு ரவுண்டுக்கு வழக்கமாக 50 நிமிடம். முதல் கேமில் தோற்பது உறுதியாகத் தெரிந்தால் இருபது நிமிடம் இழுக்காமல் ஒப்புக்கொண்டு அடுத்ததை ஆரம்பியுங்கள். எதிரி ஒவ்வொரு லேண்டுக்கும் கூரையைப் பார்த்து யோசித்தால், சங்கடப்படாமல் கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுங்கள். மணி அடிப்பதற்குள் கூப்பிட வேண்டும். அடித்தபின் கூப்பிட்டு ஜட்ஜ் என்ன செய்வார்?