எச்-1பி வேலை விசால இருக்கேன், ஸ்கூல் போர்டு எலெக்‌ஷன்ல ஓட்டு போடலாமா?

கேள்வி: கலிபோர்னியா பே ஏரியால இருக்கோம், நானும் வீட்டுக்காரரும் எச்-1பி. பையன் மூணாங்கிளாஸ். எங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டோட சூப்பரின்டெண்டென்ட், அதாவது எல்லா ஸ்கூலுக்கும் தலைமை அதிகாரி, விலகுறாங்களாம், நவம்பர்ல ஸ்கூல்களை மேற்பார்வை பண்ற போர்டு எலெக்‌ஷனும் வருது. லோக்கல் எலெக்‌ஷன்தானே, டாக்ஸ் கட்டுறோம், ஓட்டு போடலாம்னு பக்கத்து வீட்டு அண்ணா சொல்றார். நிஜமா?

பதில்: போட்றாதீங்க சிஸ்டர். இங்க ஸ்கூல் போர்டுக்கும் சிட்டிசனுக்கு மட்டும்தான் ஓட்டு, கிரீன் கார்டு இருந்தாலும் கிடையாது. சான் பிரான்சிஸ்கோல மட்டும் 2016ல மக்கள் ஓட்டுல ப்ரொபசிஷன் என்-னு ஒரு தீர்மானம் பாஸ் ஆகி, அந்த ஊர்லயே குடியிருக்கற, 19 வயசுக்குள்ள பசங்க இருக்கற பேரண்ட்ஸ் சிட்டிசன் இல்லாட்டியும் ஸ்கூல் போர்டுக்கு ஓட்டு போடலாம்னு வந்துச்சு, அண்ணா அதைத்தான் கேள்விப்பட்டிருப்பார். அந்த ஊரா இருந்தாலும் இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட கேட்காம ஓட்டுக்குப் பதியற ஃபார்ம்ல கையெழுத்து போடாதீங்க. டிஎம்வில, நம்ம ஊர் ஆர்டிஓ ஆபீஸ் மாதிரி, டிரைவிங் லைசென்ஸுக்கு போறப்ப வோட்டர் ரிஜிஸ்ட்ரேஷன் கேள்வி வரும், அவசரத்துல சிட்டிசன்னு டிக் அடிச்சிட்டா பின்னாடி கிரீன் கார்டுக்கே ஆபத்து, நாட்டை விட்டே அனுப்பற வரைக்கும் போகலாம். இதுல விளையாடவே கூடாது.

ஆனா ஓட்டு இல்லங்கறதால ஒதுங்கி நிக்காதீங்க, ஏன்னா நீங்க கவலைப்படற விஷயம் ஓட்டுப்பெட்டில முடிவாகறதே இல்ல. டிஸ்ட்ரிக்ட் சூப்பரின்டெண்டென்ட்டை மக்கள் தேர்ந்தெடுக்கறதில்ல, போர்டு மெம்பர்ஸ்தான், பெரும்பாலும் 5 இல்ல 7 பேர், வேலைக்கு எடுக்கறாங்க, ஒரு கான்ட்ராக்ட் 4 வருஷத்துக்கு மேல போகக்கூடாது. இன்டர்வியூ பேச்செல்லாம் கதவை மூடிக்கிட்டு நடக்கும், ஆனா கான்ட்ராக்ட்டை எல்லார் முன்னாடியும் ஓபன் மீட்டிங்லதான் பாஸ் பண்ணணும். ரெகுலர் மீட்டிங்னா அஜெண்டாவை 72 மணி நேரம் முன்னாடியே வெளியிடணும், வந்தவங்க யாரா இருந்தாலும் பேச விடணும், இது 1953லயே வந்த பிரவுன் ஆக்ட்ங்கற கலிபோர்னியா சட்டம், விசா என்னன்னு யாரும் கேட்க மாட்டாங்க. பேசறதுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான் தருவாங்க, அதனால புது ஆள்கிட்ட என்ன எதிர்பார்க்கறீங்கன்னு ஒரே ஒரு விஷயத்தை எழுதி வெச்சுப் படிங்க. ஆளை முடிவு பண்ணினப்புறம் போய் பேசி பிரயோஜனமில்ல, தேடற கட்டத்துலயே போகணும்.

இன்னொரு வழி, பையன் ஸ்கூல்ல சைட் கவுன்சில், அதாவது பேரண்ட்ஸும் டீச்சர்ஸும் சேர்ந்த கமிட்டி, இருக்கான்னு விசாரிங்க. அதுல பேரண்ட்ஸை பேரண்ட்ஸேதான் தேர்ந்தெடுப்பாங்க, நீங்களே நிக்கலாம். நான் ரெண்டு வருஷம் இருந்திருக்கேன், ரீடிங் ஹெல்ப்புக்கு ஆள் போடறதா வேண்டாமாங்கற மாதிரி பேச்செல்லாம் அங்கதான் ஓடும், நம்ம ஆளுங்க அந்தப் பக்கமே வராதது எனக்கு ரொம்ப வருத்தம். டிஸ்ட்ரிக்ட் லெவல்ல எல்கேப்னு ஒரு பிளான் இருக்கு, காசு எதுக்குன்னு சொல்றது அதுதான், ஜூலை 1க்குள்ள பாஸ் ஆகணும், அதுக்கு முன்னாடி பப்ளிக் ஹியரிங் வெச்சே ஆகணும், அதுக்கும் போங்க.

எலெக்‌ஷன் வேலைன்னா, உங்களுக்குப் பிடிச்ச கேண்டிடேட்டுக்கு சம்பளம் வாங்காம வாலன்டியரா வீடு வீடா போகலாம். நிறைய டிஸ்ட்ரிக்ட்ல ஏரியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு போர்டு சீட் வெச்சிருக்காங்க, உங்க ஏரியால இந்த வருஷம் சீட் இருக்கான்னு முதல்ல பாத்துக்கோங்க. சிட்டிசன் ஆன ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேலட்டோட கடைசி வரைக்கும் போகச் சொல்லுங்க, ஸ்கூல் போர்டு கீழ எங்கயோ இருக்கும், நிறைய பேர் அதை காலியா விட்டுட்டு மடிச்சு அனுப்பிடறாங்க. பணம் மட்டும் குடுக்காதீங்க, கிரீன் கார்டு வர்ற வரைக்கும் எந்த கேண்டிடேட்டுக்கும் 10 டாலர் டொனேஷன்கூட சட்டப்படி தப்பு.