சாக்லேட்டும் பள்ளி திறக்கும் மாதமும்

அன்புள்ள ஐயா,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். துபாயிலிருந்து காக்கா, அதாவது என் அண்ணன், ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டி நிறையச் சாக்லேட் வரும். இந்தத் தடவை எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தொட மாட்டேன் என்றுவிட்டாள். கோகோ தோட்டங்களில் அவள் வயதுப் பிள்ளைகள் வேலை செய்வதைப் பற்றி வகுப்பில் பேசினார்களாம். பெற்றவர்கள் ஏன் அனுப்புகிறார்கள்? நாம் வாங்குவதை நிறுத்தினால் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்களா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகளின் மனசு பெரிது. ஆனால் நாம் வாங்காமல் விட்டால் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை, தோட்டத்தில் இன்னும் கூடுதல் நேரம் நிற்பார்கள் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. 2020-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நார்க் நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, 2018-19 பருவத்தில் அங்கே 15.6 லட்சம் பிள்ளைகள் கோகோ வேலையில் இருந்தார்கள். மாலி, புர்கினா பாசோ நாடுகளிலிருந்து கடத்திக் கொண்டுவரப்படும் பிள்ளைகளும் உண்டு. அது போலீஸ் பார்க்க வேண்டிய குற்றம். ஆனால் மிகப் பெரும்பாலானவர்கள் தாய் தகப்பனோடு சொந்த நிலத்திலோ, விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரத்துக்கு எடுத்த நிலத்திலோ வேலை செய்பவர்கள். அங்கே கைது செய்ய முதலாளி என்று ஒருவர் இல்லை.

மூன்று ஹெக்டேர், அதாவது ஏழரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெக்டேருக்கு 450 கிலோ காய்ந்த கொட்டை கிடைத்தால் வருஷத்துக்கு 1,350 கிலோ. 2022-23 பருவத்தில் ஐவரி கோஸ்ட் அரசு வைத்த விலை கிலோவுக்கு 900 பிராங்க் (அந்த நாட்டுப் பணம்). நம் பணத்தில் மொத்தம் ஏறக்குறைய 1,65,000 ரூபாய். உரம், மருந்து, சாக்கு எல்லாம் இதற்குள்தான். ஒரு கிலோ கொட்டைக்கு இருபது முதல் இருபத்தைந்து காய் வேண்டும். அப்படியானால் அந்தக் குடும்பம் வருஷத்துக்கு ஏறக்குறைய 30,000 காயை அறுத்து, சுமந்து, உடைக்கிறது. இயந்திரம் கிடையாது. காய் அடிமரத்திலேயே ஒட்டிக் காய்ப்பதால் பட்டையைக் காயப்படுத்தாமல் ஒவ்வொன்றாகக் கத்தியால் அறுக்க வேண்டும். மரத்தில் காயம் பட்டால் அந்த இடத்தில் அடுத்த பூ வராது.

உடைக்கும் வேலைதான் பெரும்பாலும் பிள்ளைகள் கைக்கு வருகிறது. இடது உள்ளங்கையில் காயை வைத்து, வலது கையால் வெட்டுக்கத்தியை ஓங்கி ஒரு போடு போட்டு, கத்தியைத் திருகி ஓட்டைப் பிளப்பார்கள். கத்தி ஒரு விரற்கடை ஆழம் கூடுதலாக இறங்கினால் விரல் போகும். கொட்டையில் வெட்டு விழுந்தாலும் பூசணம் பிடித்துக் கழிவாகிவிடும். மரக்கட்டையால் தட்டி உடைத்தால் இரண்டு சேதமும் இல்லை. ஆனாலும் காய் அறுத்த கத்தி கையிலேயே இருப்பதால் அதுவே ஓங்கப்படுகிறது. உடைத்த பிறகு வெள்ளைச் சதையோடு கொட்டையை வாழை இலையில் குவித்து மூடி ஆறு நாள் புளிக்கவைத்து, இடையில் இரண்டு தடவை கிளறி, கருவாடு காயவைப்பது மாதிரி மூங்கில் தட்டியில் பரப்பி ஒரு வாரம் வெயிலில் போட வேண்டும். மழை இருட்டினால் ஓடிவந்து மூட வேண்டும். ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் நின்றால் மூட்டையில் பூசணம் வரும், விலை போகாது.

இந்த வேலைகளுக்குப் பெரியவர்களைக் கூலிக்கு வைக்க முடியாதா என்றால், ஊர் வழக்கப்படி கூலிக்குப் பதில் வாரம்தான், வாரக்காரருக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு. நிலத்துக்காரர் கையில் 1,10,000 மிஞ்சும், வாரக்காரருக்கு 55,000. அந்த 55,000-ஐ வைத்து ஒரு வருஷம் குடும்பம் நடத்த வேண்டியவர் தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார். கூலி கொடுக்க வேண்டாத ஒரே கை பிள்ளையின் கைதான்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நாள்காட்டி. அங்கே பள்ளி திறப்பது செப்டம்பரில். பெரிய அறுவடை அக்டோபரில்தான் தொடங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கையில் காசு இருக்காது. உங்கள் கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும்போதே பள்ளி திறந்துவிடுகிறது, வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கியவர் பிறகு மீனை அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டியிருக்கிறது. ஐவரி கோஸ்ட்டில் அந்த வியாபாரிக்கு 'பிஸ்தேர்' என்று பெயர். மரத்தில் இருக்கும் காயின் பேரில் கடன் கொடுப்பார், அரசு விலைக்குக் கீழே எடுப்பார். நோட்டுக்கும் சீருடைக்கும் கடன் கிடைக்காத வீட்டில் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் அறுவடை வேலையிலேயே நின்றுவிடுகிறது.

விலை விழுந்தால் என்ன ஆகும் என்பது ஏற்கெனவே நடந்து முடிந்தது. ஐவரி கோஸ்ட் அரசு கொள்முதல் விலையைக் கிலோவுக்கு 400 பிராங்கிலிருந்து 200-ஆகப் பாதியாக வெட்டியது. அந்த 1990 நெருக்கடியை ஆராய்ந்தவர்கள், கோகோ பயிரிடும் வீடுகளில் பள்ளி சேர்க்கை குறைந்ததையும் பிள்ளைகளின் வேலை கூடியதையும் கண்டார்கள். ஊர் ஊராகச் சாக்லேட்டைப் புறக்கணித்தால் அடி இதே வீடுகளில்தான் விழும்.

விலை ஏறினால் மட்டும் போதுமா? 2024 மார்ச்சில் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியது, கிலோ ஏறக்குறைய 6,000 பிராங்க். அப்போது விவசாயிக்குக் கிடைத்தது 1,000, ஏப்ரலிலிருந்து 1,500. அரசு வாரியம் விளைச்சலைப் பல மாதம் முன்பே பழைய விலைக்கு விற்றுவிட்டிருந்தது. நோயிலும் மழைக்கேட்டிலும் காயும் குறைந்துபோயிருந்தது. விலை விவசாயியின் கைக்கே வந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. பிரேசிலில் காப்பி விலை ஏறிய காலத்தில் பிள்ளைகளின் வேலை கூடியது, ஏனென்றால் அப்போது ஒவ்வொரு கைக்கும் மதிப்பு கூடுகிறது. அதனால் நல்ல விலையோடு, அறுவடை வாரங்களில் பெரியவர்களின் கூலிக்கு உதவியும் வேண்டும். மருந்தடிப்பதற்கும் கிளை கழிப்பதற்கும் பயிற்சி பெற்ற பெரியவர்களின் குழுவைக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் திட்டங்கள் அங்கே உண்டு, எனக்கு அவற்றில் நம்பிக்கை இருக்கிறது. பதினாறு லிட்டர் தெளிப்பானைப் பன்னிரண்டு வயது முதுகிலிருந்து இறக்க அதைவிட நேரான வழி இல்லை. ஐவரி கோஸ்ட்டில் இன்னொரு சின்னத் தடையும் உண்டு, பிறப்புச் சான்றிதழ். அது இல்லாமல் தொடக்கப் பள்ளிக்கு மேல் போவது கடினம். அதை வாங்கிக் கொடுத்தாலே பல பிள்ளைகள் நிற்காமல் படிப்பார்கள்.

காக்காவிடம் ஒரு வேலை சொல்லுங்கள். அடுத்த பெட்டி வாங்கும்போது உறையைத் திருப்பிப் பார்க்கட்டும். ஃபேர்ட்ரேடு முத்திரைக்குப் பின்னால் குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு, தவளைப் படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் முத்திரைக்கு அப்படி நிர்ணயித்த விலை கிடையாது. 'மாஸ் பேலன்ஸ்' என்று எழுதியிருந்தால் முத்திரை பெற்ற கொட்டையும் மற்றதும் ஆலையில் கலந்துவிட்டன என்று பொருள், அளவுக்கு மட்டும்தான் கணக்கு. மகள் கையெழுத்து நன்றாக இருந்தால் அந்த நிறுவனத்துக்கு அவளே எழுதட்டும்: கிலோவுக்கு விவசாயி கையில் எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த மாதத்தில் கொடுத்தீர்கள் என்று.