என்ஹெச்எல்லில் புதிய ஐஸ் ஹாக்கி அணி சேர்த்தால் எந்த ஊருக்குத் தர வேண்டும்?

வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் இப்போது 32 அணிகள். 33-வது அணி எந்த ஊருக்கு என்று கேட்டால், கனடாவின் கியூபெக் நகரத்துக்கு என்பேன்.

அங்கே நோர்டிக்ஸ் என்ற அணி இருந்தது. வீரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில், வருமானமோ மதிப்புக் குறைந்த கனடா டாலரில். தாக்குப்பிடிக்க முடியாமல் 1995-இல் விற்றுவிட்டார்கள்; அணி கொலராடோவுக்குப் போனது. அடுத்த வருடமே அது என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது. கியூபெக்காரர்களுக்கு வயிறு எரியாமல் இருந்திருக்குமா? 2010 டிசம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் பஸ் பிடித்து நியூயார்க் பக்கம் போனார்கள். நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியும் அட்லாண்டா அணியும் மோதிய ஆட்டம் அது. அரங்கில் நோர்டிக்ஸ் சட்டையோடு நின்று, ஆடாத தங்கள் அணிக்காகக் கத்தினார்கள். இப்படிப்பட்ட ஊர் வேறு எங்கே இருக்கிறது? 2015-இல் 18,000 பேர் உட்காரும் புது அரங்கமும் திறந்துவிட்டார்கள். ஆனாலும் 2016-இல் புதிய அணிக்கான வாய்ப்பு லாஸ் வேகாஸுக்கே கிடைத்தது.

சின்ன ஊர், தொலைக்காட்சி வருமானம் குறைவு என்பது நியாயமான தயக்கம்தான். பணம்தான் முக்கியம் என்றால் ஹூஸ்டன். அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம், பக்கத்திலேயே மோதுவதற்கு டல்லாஸ் அணி இருக்கிறது.

அட்லாண்டாவின் பெயரும் அடிபடுகிறது. 1980-இல் ஓர் அணி கால்கரிக்கும், 2011-இல் இன்னொன்று வின்னிபெக்குக்கும் போய்விட்டன. மூன்றாவது முறை கொடுக்கும் முன், கியூபெக்குக்கு இரண்டாவது முறை கொடுக்கலாமே.