நண்டு டப்பாவில் யார் ஊர்ப் பெயர்?

கேள்வி: அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கும் என் மகன், அந்தப் பக்கத்துக் கடலான செசபீக் விரிகுடா நண்டு என்று எழுதிய டப்பாவைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறான். உள்ளே வேறு நாட்டு நண்டாகவும் இருக்கலாம் என்று அவன் நண்பர் சொன்னாராம். அமெரிக்காவிலுமா இப்படி? அரசாங்கம் சும்மா விடுமா?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: அமெரிக்கா என்றால் ஏமாற்று இருக்காது என்று யார் சொன்னது அம்மா? நண்பர் சொன்னது நடந்த கதை. அதற்காக ஒருவர் ஜெயிலுக்கும் போனார்.

மேரிலாந்துக்குப் பக்கத்திலேயே, வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் ஊரில் கேஸீஸ் சீஃபுட் என்றொரு கம்பெனி. இந்தோனேசியா, சீனா போன்ற நாடுகளிலிருந்து வந்த நண்டுச் சதையை வாங்கி, டப்பாவைப் பிரித்து, தன் டப்பாவில் மாற்றி அடைத்து, ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்று லேபிள் ஒட்டி விற்றது. 3,60,000 பவுண்டுக்கு மேல். அதாவது 160 டன்னுக்கும் அதிகம். மதிப்பு 43 லட்சம் டாலர். முதலாளி 2018-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019 ஜனவரியில் 45 மாதச் சிறை.

மாட்டிவிட்டது மரபணுச் சோதனை. ஓட்டோடு இருந்தால் பாம்பன் மீனவர் வீட்டுச் சிறுபிள்ளைகூட இது வேறு நண்டு என்று சொல்லிவிடும். சதையாகப் பிரித்த பிறகு கண்ணுக்கு எல்லாம் வெள்ளைதான். வழக்குப் போட்ட சட்டம் 1900-ஆம் ஆண்டு லேசி சட்டம். சட்டவிரோதமாக வேட்டையாடிய பறவைகளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதைத் தடுக்க வந்தது, பின்னாளில் பொய் லேபிள் மீன் வியாபாரிகளையும் பிடிக்கிறது!

செசபீக் மீனவருக்கு இதில் நஷ்டம் என்பது தெரிந்ததே. எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு. நம் பாக் நீரிணை நீலக்கால் நண்டின் சதையும் டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா போகிறது. நான் தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஏற்றுமதி ஆலையில் தரப் பரிசோதனையில் இருந்தவன். விரல் மரத்துப்போகப் பெண்கள் உட்கார்ந்து, ஓட்டுத் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் சதை பிரிப்பார்கள். ‘இந்தியத் தயாரிப்பு’ என்று அச்சடிக்காத டப்பா கண்டெய்னர் ஏறாது. இப்படி உழைத்து அனுப்பும் சரக்கு எந்த நாட்டினுடையதாக இருந்தாலும், அங்கே ஒருவர் அதைப் பிரித்துத் தன் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்வது என்ன நியாயம்?

சரி, கெட்டுப்போன சரக்கு? அது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பாடு. ஓர் ஆலையின் மீன் கெட்டது என்று எச்சரிக்கைப் பட்டியலில் ஏறிவிட்டால், அப்புறம் அந்த ஆலைச் சரக்கைப் பிரித்துப் பார்க்காமலேயே துறைமுகத்தில் நிறுத்தி வைக்கலாம். நல்ல சரக்கு என்று நிரூபிப்பது அனுப்பியவர் பொறுப்பு. ஜெயிலைவிட எங்கள் ஆலையில் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது இந்தப் பட்டியல்தான்.

மகனிடம் சொல்லுங்கள்: டப்பாவில் கம்பெனி முகவரி அமெரிக்காவில் இருப்பதால் நண்டும் அந்த ஊர் என்று ஆகாது. எந்த நாட்டுத் தயாரிப்பு என்ற வரியைத் தேடிப் படிக்கட்டும். கடையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த நண்டு டப்பா என்றால் வீட்டிலும் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். டின் தானே என்று அலமாரியில் வைத்துவிட வேண்டாம்.

கேள்வி: டின்னைத் திறந்து முகர்ந்தால் கெட்டதா என்று தெரியாதா?
(ஒரு வாசகர், காரைக்கால்)

பதில்: எப்போதும் தெரியாது. சூரை மீனைப் பிடித்தவுடன் குளிர வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் சேரும்; ஒவ்வாமை போல உடம்பைப் படுத்தும் பொருள் அது. பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது, வாசனையும் காட்டிக்கொடுக்காமல் போகலாம். இன்னொன்று, 1982-ல் அலாஸ்கா சால்மன் டின் சாப்பிட்ட பெல்ஜியக்காரர் ஒருவர் பாட்டுலிசம் என்ற கிருமி நச்சால் இறந்தார். டின் உருவாக்கும் இயந்திரம் போட்ட நுண்ணிய ஓட்டை வழியே கிருமி உள்ளே போனதுதான் காரணம். 5 கோடிக்கும் மேற்பட்ட டின்களைத் திரும்பப் பெற்றார்கள். ஆகவே மூக்குக்கு முன் கண்ணுக்கு வேலை கொடுங்கள்: உப்பியது, கசிவது, ஓர மடிப்பில் நசுங்கியது எதுவானாலும் திறக்காமலே குப்பையில் போட்டுவிடுங்கள்.